நான்கு மீட்டர்

...நடக்கட்டும், நன்றாக நடக்கட்டும், தரையில் ஒட்டிய இரண்டு மஞ்சள் பட்டைகளுக்கு நடுவே நான்கே மீட்டர், இந்த மனுஷனுக்கு ஒரு காலத்தில் அது ஒரு மூச்சுக்குக் காணாது, இப்போது பாரேன், ஈரத் தரையில் நடக்கிற மாதிரி ஒவ்வொரு காலையும் யோசித்து வைக்கிறார். முதியோர் பரிசோதனை அறையில் நர்ஸ் பெண்ணின் கையில் நிறுத்துக் கடிகாரத்தைப் பார்த்ததுமே, சுவரோரம் உட்கார்ந்திருந்த அவர் மனைவிக்கு உள்ளே குளுகுளுவென்றிருந்தது. ஆலையில் முப்பது வருடம் அப்படியொரு கடிகாரத்தை வைத்துக்கொண்டு அடுத்தவர் வேலையை நொடிக்கணக்கில் அளந்தவர் அவள் புருஷன், வீட்டிலும் அளந்தவர், "நடக்கறியா, நகர்றியா?" என்று நாற்பத்தோரு வருடம், தெருவில், ரயில் நிலையத்தில், தங்கை கல்யாணத்தில் நாலு பேர் சிரிக்க. கர்ப்பப்பையை எடுத்த பன்னிரண்டாம் நாள், தையல் இழுக்க இழுக்க ஆஸ்பத்திரியிலிருந்து அவள் திரும்பியபோது மழை, இருந்தது ஒரே குடை, அது பத்தடி முன்னால் அவர் தலைக்குமேல் போய்க்கொண்டிருந்தது. மறப்பாளா? கட்டையில் போனாலும் மறக்கமாட்டாள். "ஏழரை செகண்டு. கொஞ்சம் மெதுதான் சார்" என்கிறாள் நர்ஸ். இன்னொரு தடவை சொல்லேன் பெண்ணே, சத்தமாகச் சொல்லேன்.

அடுத்து கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழவேண்டும், மூன்றாவதிலேயே அவர் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார், நாற்காலி சரியில்லையாம். நர்ஸ் இவள் பக்கம் திரும்பினாள். "அம்மா, இது வெறும் வயசு இல்ல, தளர்ச்சி. இப்பவே கண்டுபிடிச்சா நல்லாவே தேத்திடலாம். முட்டை, பருப்புன்னு சத்தா குடுத்து, தினமும் பயிற்சி பண்ண வைக்கணும். விட்டுட்டா ஒரு நாள் விழுவாரு, இடுப்பு உடையும். ஆறு மாசத்துல உடம்பு இளைச்சிருக்காரா?" இளைத்திருக்கிறாரா... பெல்ட்டின் தோல் இழுத்துவிட்டது என்று அவர் சொன்னபோது, ஆமாம், இழுத்துத்தான் போச்சு என்று ஆணியைக் காய்ச்சிப் புது ஓட்டை போட்டுக் கொடுத்தது யார்? ஒன்றல்ல, மூன்று. தோல் எங்கே இழுத்தது, இடுப்பல்லவா வற்றியது. தேற்ற வேண்டுமாம், யார் தேற்றுவது, அவள்தானே, வேளாவேளைக்குப் பொங்கிப் போட்டு, பக்கத்தில் நின்று ஒன்று இரண்டு என்று எண்ணி, மறுபடி பத்தடி முன்னால் அனுப்பவா? விழட்டும். ஒரு தடவை விழுந்து கூப்பிடட்டும், அவள் மெதுவாக, ரொம்ப மெதுவாக வருவாள். "அப்படி ஒண்ணும் இளைக்கலையே" என்றாள். அவர் இவளை ஒரு பார்வை பார்த்தார். நர்ஸ் எழுதிக்கொண்டாள். அவ்வளவு சுலபமா இது? நாற்பத்தோரு வருடத்தில் இவ்வளவு சுலபமாக அவள் எதையும் செய்ததில்லை.

கடைசியாகக் கைப்பிடியின் பலம், இரும்புப் பிடியொன்றை இறுக்க வேண்டும், முள் ஏறும். முகமெல்லாம் சிவக்க அவர் இறுக்கினார், பதினேழு கிலோ. ஆம்பளைக்கு இருபத்தேழு கிலோவாவது வேணும் என்றாள் நர்ஸ். பதினேழுதானா, இந்தக் கையா இவ்வளவு நாள்... சிரிப்பை அவளால் அடக்க முடியவில்லை. "குடும்மா, நானும் ஒரு பிடி பிடிக்கிறேன்" என்று தானாகவே கையை நீட்டினாள், அவர் கண் முன்னால் ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு எண்ணால் ஜெயித்துவிட்டால் போதும். குடை, மழை, தையல், சிரித்த நாலு பேர், எல்லாவற்றையும் சேர்த்து உள்ளங்கையில் வைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நசுக்கினாள். முள் பத்துக்குமேல் கொஞ்சம் ஏறி நின்றது. பதினொன்று. கருவி பழுதோ? இன்னொரு தடவை. பத்து. "பொம்பளைங்களுக்குப் பதினாறு கிலோவாவது இருக்கணுமே" என்று நர்ஸ் புதிதாக ஒரு தாளை எடுத்தாள்.

"நீங்க இளைச்சிருக்கீங்களாம்மா?" அவளுக்குத் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை, தன்னை எப்போது அவள் பார்த்தாள், அவரல்லவா அவள் கண்ணிலேயே இருந்தார், தின்றாரா, மிச்சம் வைத்தாரா, தடுமாறினாரா என்று. யோசிப்பதற்குள் நாற்காலியிலிருந்து அவர் குரல் வந்தது. "இளைச்சிருக்கா. கை வாட்சு முழங்கை வரைக்கும் ஏறுது, ஆறு மாசமா. மாடிப்படியில மூணு தடவ நின்னு நின்னு ஏறுறா. போன மாசம் குளியலறையில விழுந்தா, யார்கிட்டயும் சொல்லல." கணக்கு ஒப்பிக்கிற அதே குரல். கதவு சாத்தியிருந்ததே, இவருக்கு எப்படித் தெரியும்? விழுந்த சத்தம் கேட்டதா, கேட்டும் எழுந்து வரவில்லையா, வர முடியவில்லையா... ஆறு மாதமாகப் பார்த்துக்கொண்டே இருந்த மனுஷன் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? கேட்டுவிடலாம், இதோ பக்கத்தில்தான் இருக்கிறார். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கேட்டால், நான் இளைத்ததை நீ ஏன் சொல்லவில்லை என்று அவரும் கேட்பாரே. நர்ஸ் இரண்டு தாள்களையும் சேர்த்துக் கிளிப்பில் மாட்டினாள், அவருடையது மேலே, அதில் இளைக்கவில்லை என்று அவள் சொன்னது அப்படியே இருந்தது, பேனாவை நர்ஸ் இன்னும் மூடவில்லை.