இருபத்தேழாம் வீட்டோடு நின்ற தார்

நல்லாயிருக்கிற சாலையில் எதற்கு வேலை என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. பதினேழு வருடமாக எங்கள் ஊர் நகரசபையில் விரிசல் அடைக்கத் திட்டம் போடுகிறவள் நான். எந்தத் தெருவில் விரிசல் விரல் நுழையும் அளவுக்கு வந்துவிட்டது, எது இன்னும் ஒரு குளிர்காலம் தாங்கும் என்று நடந்து பார்த்துப் பட்டியல் எழுதுவேன். அக்டோபரில் மேஸ்திரி டிமிதரும் அவருடைய இரண்டு ஆட்களும் தார் உருக்கும் வண்டியோடு போய், விரிசலை ஊதிக் காயவைத்து, சூடாக ஊற்றி அடைப்பார்கள். தண்ணீர் உள்ளே இறங்காது, பனியில் உறைந்து சாலையைப் பிளக்காது. இவ்வளவுதான் விஷயம். ஆனால் பிழைத்த சாலை யார் கண்ணுக்குத் தெரிகிறது? பள்ளம்தான் தெரியும்.

இந்த மார்ச்சில் சாலைக் குழுவுக்குப் புதிதாக வந்த தலைவர் கொஸ்தாதின் பெல்செவ் என்னைக் கூப்பிட்டார்.

"நெவேனா மேடம், ஊரே பள்ளமா கெடக்கு. நீங்க நல்ல ரோட்டுக்கு மை தீட்டிக்கிட்டு இருக்கீங்க. அந்த மூணு பேரையும் அனுப்பிட்டு, பள்ளம் மூடற வேலையை வெளியாளுக்கு விட்டுடலாம்னு இருக்கேன்."

"மை தீட்டறதாலதான் சார் அது நல்ல ரோடா இருக்கு."

"அதை எப்படி நம்பறது? மை தீட்டலைன்னாலும் நல்லாத்தான் இருந்திருக்குமோ என்னவோ. வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்கு நம்பற மாதிரி ஒண்ணு காட்டுங்க."

கோபம் வந்தது. அதைவிட, அவர் கேட்டது நியாயம் என்பதால் வந்த எரிச்சல் பெரிது. மேஸ்திரிக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அந்த வயதில் அவரை யார் வேலைக்குச் சேர்ப்பார்கள்?

புதன்கிழமை தொபோலா தெருவிலிருந்து ஒரு புகார் வந்தது. எழுதியவள் அங்கே சைக்கிள் பழுது பார்க்கும் ஜிவ்கா. தெரு முழுக்கப் பள்ளம் என்று எழுதியிருந்தாள். என் பதிவேட்டில் அந்தத் தெரு இரண்டு வருடத்துக்கு முன்பே அடைத்து முடித்த தெரு. அடைத்த தெருவே இப்படியானால் பெல்செவ் சொன்னதுதான் சரி.

ஓடிப்போய்ப் பார்த்தேன். மாதா கோவில் முனையிலிருந்து சாலை வழுவழுவென்று வந்தது, மேலே கறுப்பாக எங்கள் தார்க் கோடுகள். இருபத்தேழாம் வீட்டு வாசலில் கோடுகள் பட்டென்று நின்றன. அதற்கப்பால் பள்ளமும் குழியும்தான். ஜிவ்கா வளைந்த சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"வாங்க வாங்க. உங்க புண்ணியத்துல எனக்கு வியாபாரம் ஓஹோன்னு போகுது. நேத்து மட்டும் நாலு சக்கரம். ஆனா போன வாரம் தபால்காரர் விழுந்து கையை உடைச்சுக்கிட்டாரு. அதுக்கப்புறம்தான் எழுதினேன்."

மேஸ்திரியைப் போனில் வரவழைத்தேன். அவர் இருபத்தேழாம் வாசலைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார்.

"அன்னிக்கு இது வரைக்கும் ஊத்தினோம். மறுநாள் டிமிதர் நாள் ஆச்சே மேடம்."

எனக்கு உறைத்தது. அக்டோபர் இருபத்தாறு, புனித டிமிதரின் திருநாள். ஊரில் உள்ள டிமிதர்கள் எல்லோர் வீட்டுக்கும் அழைக்காமலே விருந்தாளி வரும் நாள். போதாக்குறைக்குக் கட்டட வேலைக்காரர்களின் திருநாளும் அதுவே. மூவரில் இருவர் பெயர் டிமிதர்; அன்று யாரும் வேலைக்கு வரவில்லை. நான் வானிலையை மட்டும் பார்த்து, காலண்டரைப் பார்க்காமல் நாள் குறித்திருந்தேன். இருபத்தேழாம் தேதி மழை பிடித்தது, பிறகு பனி. வசந்தத்தில் மீதியைச் செய்துகொள்ளலாம் என்று பதிவேட்டில் 'முடிந்தது' என்று எழுதினேன். வசந்தத்தில் மறந்தே போனேன்.

ஒரே நாளில் போட்ட சாலை, ஒரே லாரிகள், ஒரே பனி. இதைவிட நல்ல அத்தாட்சி கிடைக்காது. ஆனால் இதைக் காட்டினால் என் பொய்யையும் சேர்த்துக் காட்ட வேண்டும்.

"மேடம், நாங்கதான் குடிச்சுட்டு வேலைக்கு வராம இருந்துட்டோம்னு சொல்லிடறேன். நீங்க பேசாம இருங்க," என்றார் மேஸ்திரி.

"நீங்க வாயை மூடுங்க மேஸ்திரி."

சொல்லிவிட்டேனே தவிர, இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பயம்தான், வேறென்ன.

வெள்ளிக்கிழமை காலை பெல்செவ் கோவில் முனையிலிருந்து நடந்து வந்தார். இருபத்தேழாம் வாசலில் அவர் கால் தானாக நின்றது. முன்னால் பார்த்தார், திரும்பிப் பின்னால் பார்த்தார்.

"ஏன் இங்கே நின்னுபோச்சு?"

எல்லாவற்றையும் சொன்னேன். 'முடிந்தது' என்று எழுதியதையும் சொன்னேன். ஜிவ்கா கடை வாசலிலிருந்து கேட்டுக்கொண்டே வந்தாள்.

"அப்போ இந்தப் பாதி கெட்டது உங்களால?"

"என்னாலதான்."

"அந்தப் பாதி நல்லா இருக்கறது?"

"அதுவும் இவங்களாலதான்மா," என்றார் மேஸ்திரி.

பெல்செவ் குனிந்து ஒரு தார்க் கோட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அது அசையவில்லை. "பதிவேட்டைத் திருத்துங்க. உங்களுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும், அதை என்னால தடுக்க முடியாது. மூணு பேரும் இருக்கட்டும். இந்த ஏப்ரல்லயே தொடங்குங்க."

மேஸ்திரி தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

"அப்போ முதல்ல என் பாதியை அடைங்க," என்றாள் ஜிவ்கா.

இன்னொரு பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. "இது அடைக்கிற நிலையைத் தாண்டிடுச்சு ஜிவ்கா. பள்ளத்தை இப்போ மூடித் தர்றோம். ஆனா சுரண்டி எடுத்துப் புதுசாத்தான் போடணும். அது அடுத்த வருஷம்தான். இப்போ தார் ஊத்தினா வீண். பக்கத்து லிபா தெருவுக்கு ஊத்தினா அது பிழைக்கும்."

திட்டப்போகிறாள் என்று நின்றேன். அவள் தன் குழிகளைப் பார்த்தாள், லிபா தெருப் பக்கம் பார்த்தாள்.

"அப்போ இங்க ஏன் நின்னுக்கிட்டு இருக்கீங்க?" என்றாள். "அங்க போங்க, அதுவும் இப்படி ஆகறதுக்குள்ள."