கேரட்டுக்கு நேர்ந்த மொட்டை

கொடைக்கானல் மலையில் இருக்கும் போளூரில் குமரகுருவின் வயதுக்காரர்களில் தலை நிறைய முடி வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்களுக்குப் பாதியை வயது எடுத்துக்கொண்டது, மீதியைப் பழனி முருகன் வாங்கிக்கொண்டார். குமரகுரு இரண்டு பேரிடமும் சிக்காமல் தப்பியவர். வீட்டில் பிள்ளைக்கு மொட்டை என்றால், "நீங்க போடுங்க, நான் புள்ளையப் புடிச்சிக்கிறேன்" என்பார். இவருக்கே போட வேண்டும் என்று யாராவது வேண்டிக்கொண்டால் அந்த வாரம் பார்த்துப் பூண்டு அறுப்பு வந்துவிடும். கல்யாண வீட்டு குரூப் போட்டோவில் பின்வரிசையில் நின்றாலும் அந்தத் தலை தனியாகத் தெரியும். அதற்குக் கீழே இருக்கும் முகத்தை யாரும் கவனிப்பதில்லை, அதுவும் ஒரு வசதிதான் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

அந்த முடிதான் அன்றைக்குக் கேரட்டின் மேல் வண்டியை ஏற்றியது.

கேரட்டு என்பது அவர் வீட்டு நாய். ஒரு கேரட் அறுப்பின்போது மூட்டைகளுக்கு நடுவில் வந்து படுத்துக்கொண்ட குட்டி. நிறமும் ஏறக்குறைய அதுவே. காட்டுமாட்டைக் கண்டால் வீட்டுக்குள் ஓடிவந்து, கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு வீரமாகக் குரைக்கும். குமரகுருவும் காட்டுமாட்டை அந்த இடத்தில் நின்றுதான் விரட்டுவார் என்பதால் இருவருக்கும் நல்ல ஒட்டுதல்.

கொடைக்கானலில் ஒரு நிச்சயதார்த்தம். அதற்குக் கிளம்பிப் பிக்கப்பை ரிவர்ஸ் எடுத்தவர், பின்னால் பார்க்க வேண்டிய கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி, நெற்றியில் விழுந்த சுருளை ஒதுக்கிக்கொண்டிருந்தார். வீலென்று ஒரு சத்தம். இறங்கி ஓடினால், கேரட்டு மண்ணில் கிடந்தது. பின்னங்கால் ஒரு பக்கமாக மடங்கியிருந்தது. விலாவில் ரத்தம்.

இந்த மாதிரி நேரத்தில் என்னென்ன செய்யக் கூடாதோ, அதையெல்லாம் குமரகுரு வரிசையாகச் செய்தார். ஊரே கேட்கும்படி கத்தினார். பாட்டில் தண்ணீரை அதன் வாயில் ஊற்றினார். அப்புறம், "ஐயோ என் தங்கமே" என்று அள்ளி நெஞ்சோடு அணைத்தார். தங்கம் அவர் மணிக்கட்டில் நறுக்கென்று கடித்தது.

"லீலா! என்னையவே கடிச்சிருச்சு லீலா!"

அடுப்படியிலிருந்து ஓடிவந்த மனைவி லீலா, "வண்டிய ஏத்துனா கடிக்காம முத்தமா குடுக்கும்? மொதல்ல அத மெதுவாக் கீழ விடுங்க" என்றாள்.

பசுமாட்டுக்குச் சினை ஊசி போட்ட வகையில் மாட்டாஸ்பத்திரி டாக்டர் சண்முகப்பிரியாவின் நம்பர் லீலாவிடம் இருந்தது. அவள் போட்ட போனைக் குமரகுரு பிடுங்கினார்.

"டாக்டரம்மா, கேரட்டு மேல வண்டி ஏறிருச்சு! ரத்தமா வருது!"

"கேரட்லயா சார்?"

"ஆமாம்மா, துடிக்குது!"

லீலா போனைத் திரும்பப் பிடுங்கி, "நாயிங்க டாக்டர். பேரு அப்படி. வச்சவரு இவரு" என்றாள். அதற்குப் பிறகுதான் உருப்படியாக ஏதாவது நடந்தது. டாக்டர் சொல்லச் சொல்ல லீலா அதைக் கட்டளையாக மாற்றிக்கொண்டிருந்தாள். "தண்ணி கிண்ணி ஊத்தாதீங்க. சுத்தமான துணிய வச்சு ரத்தத்த அழுத்திப் பிடிங்க. வலியில மறுபடி கடிக்குமாம். மூச்சு நல்லா விடுதா, வாந்தி எடுக்கலையா? அப்ப வாயச் சுத்தித் துணியத் தளர்வாக் கட்டுங்க. தூக்காதீங்க, பலகைய ஒட்டி வச்சு மெதுவா அதுல நகட்டணும். கம்பளியப் போத்துங்க. மஞ்சத்தூளு வேணாமாம்."

குமரகுரு மஞ்சள்தூள் டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

வாயைக் கட்டத் தோதாகக் கிடைத்தது, பனியில் முடி கெடாமலிருக்க அவர் தலையில் சுற்றும் மஃப்ளர். மூச்சுக்கு இடம் விட்டு, அவரே கட்டினார். பழைய கதவுப் பலகையில் இருவருமாக நகர்த்தி, பிக்கப்பின் பின்பக்கத்தில் ஏற்றினார்கள்.

"சாவியக் குடுங்க. கடிபட்ட கையோட நீங்க ஓட்ட வேணாம்" என்று லீலா டிரைவர் சீட்டில் ஏறினாள்.

பின்னால் பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த குமரகுரு, பின்கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். லீலா ரோட்டைப் பார்க்கக் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தாள். அதில் ரோடு தெரியவில்லை, அவள் நெற்றிதான் தெரிந்தது. ஒரு நொடி யோசித்தாள். பிறகு கையை நீட்டிக் கண்ணாடியைத் திருப்பினாள். அதில் இருவர் கண்களும் சந்தித்தன. அவள் கியரைப் போட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

பூம்பாறையைத் தாண்டும்போது கேரட்டின் கண்கள் சொருக ஆரம்பித்தன. காற்று அவர் முடியை எட்டுத் திசைக்கும் பிய்த்துக்கொண்டிருந்தது. அவருக்கு அது உறைக்கவே இல்லை.

"முருகா! இவன் மட்டும் நாலு காலையும் ஊனி நின்னுட்டான்னா மொட்டை போடுறேன்!"

சொல்லி முடித்ததும் ஒரு கை தானாகத் தலைக்குப் போனது. முன்னால் லீலாவின் ஜன்னல் திறந்திருந்தது. கேட்டிருக்கும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பரிசோதித்துவிட்டு, "உயிருக்கு ஒண்ணும் இல்லை. முழங்காலுக்குக் கீழ எலும்புல ஒரு கிராக். மாவுக்கட்டுப் போடலாம். விலாவுல தையல் போடணும், அந்த இடத்துல முடிய மழிக்கணும்" என்றார்.

அதுவரை அழுதுகொண்டிருந்த குமரகுருவின் முகத்தில் பல்ப் எரிந்தது. மெஷின் ஓடி, கேரட்டின் ஒரு பக்கம் உரித்த கோழி மாதிரி ஆனதும் லீலாவின் காதில் கிசுகிசுத்தார்.

"மொட்டை போட்டாச்சு."

"யாருக்கு?"

"யாருக்குன்னு நான் சொல்லலையே."

"முருகனுக்குத் தெரியும் யாருக்குன்னு."

"பூமுடி வேணா குடுத்துருவோம். ஓரத்துல ரெண்டு விரக்கடை."

"அது பொம்பளைகளுக்கு. நீங்க வேணும்னா சேலையக் கட்டிக்கிட்டு வாங்க."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சார், வேண்டுதல அப்புறம் பாத்துக்கலாம். கடிச்ச கைய சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில நல்லாக் கழுவுங்க. அப்படியே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கங்க. வீட்டு நாய்தானேன்னு விட்டுறாதீங்க" என்றார். ஆக, வண்டியில் அடிபட்டவனை விட வண்டியை ஏற்றியவருக்குத்தான் ஊசி அதிகம் விழுந்தது.

சில வாரங்களில் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். எலும்பு கூடிவிட்டது. விலாவில் முடி முளைத்துவிட்டது. ஆனால் கேரட்டு மட்டும் அந்தக் காலைக் கீழே வைக்கவில்லை. மூன்று காலில் தத்தித் தத்தி வாசல்வரை வரும், பிக்கப்பைப் பார்க்கும், திரும்பிப் போய்த் திண்ணைக் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொள்ளும்.

"கால்ல ஒண்ணும் இல்லை. பயம்தான். கொஞ்சங்கொஞ்சமா நடக்க வைங்க. வைக்காமயே விட்டா சதை சூம்பிரும், அப்புறம் கஷ்டம்" என்று டாக்டர் போனில் சொன்னார்.

லீலாவின் தம்பி ஜெயமுருகன், தலையில் ஒரு முடி இல்லாத புண்ணியவான், வரும்போதெல்லாம் வம்புக்கு இழுத்தான்.

"மச்சான், நாலு காலையும் ஊனுனாத்தானே மொட்டை? அதான் கால ஊனாதடான்னு நீங்க பிஸ்கட் குடுத்துப் பழக்குறீங்க."

"ஏலே மாப்ள, பொண்டாட்டியே எம் பேச்சக் கேக்காத வீடுலே இது. நாய் கேக்குமா?"

எல்லோரும் சிரித்தார்கள். குமரகுருவும் சிரித்தார். ஆனால் வேண்டுதல் தள்ளிப்போவதில் உள்ளுக்குள் ஓர் ஓரமாக நிம்மதி இருந்ததே, அது அவருக்குத் தெரியும். அதுதான் சோற்றில் கல்லாகக் கிடந்தது.

ஒருநாள் காலையில் தலை சீவிக்கொண்டிருந்தார். கண்ணாடியில் அவர் தோளுக்குப் பின்னால், மூன்று காலில் நின்று கேரட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. சீப்பு பாதியில் நின்றது.

"லீலா, நாளைக்கு வெள்ளனே பழனிக்குப் போவோம்."

"அவன் இன்னும் கால ஊனலையே?"

"ஊனுறப்ப ஊனட்டும். நான் மொதல்ல எந்தலைய நீட்டுறேன்."

லீலா கேலி செய்யவில்லை. வேட்டி எடுத்து வைக்கப் போனாள்.

வடகவுஞ்சி வழியாக இறங்கிப் பழனிக்குப் போனார்கள். மொட்டை போடும் இடத்தில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே முடி இறக்குபவர் கேட்டார். "யாருக்குங்க வேண்டுதல்?"

"வீட்டுல... பையனுக்குங்க. கால்ல அடி."

"பாவம். இப்ப நடக்குறானா?"

"மூணு காலு வைக்கிறான்."

கத்தி ஒரு கணம் நின்றது. லீலா சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

அடிவாரக் கடைக் கண்ணாடியில் மொட்டையில் சந்தனம் பூசிய ஒரு முகம் தெரிந்தது. நகர்ந்து வழிவிட்டார், அதுவும் நகர்ந்தது. "இவ்வளவு பெரிய காத வச்சுக்கிட்டாய்யா இத்தன வருசம் ஊரு பேசுனது எதையும் கேக்காம இருந்தேன்?" என்றார்.

போளூருக்குத் திரும்பும்போது பொழுது சாய்ந்து, பனி இறங்கிவிட்டது. லீலா வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்தினாள்; வண்டிச் சத்தத்துக்குக் கேரட்டு மிரள்கிறது என்று கொஞ்ச நாளாக அப்படித்தான். குமரகுரு முன்னால் நடந்து வாசலுக்குள் கால் வைத்தார்.

கட்டிலுக்கு அடியிலிருந்து கேரட்டு எட்டிப் பார்த்தது. பனிக்குள்ளிருந்து மஞ்சள் உருண்டைத் தலையோடு எவனோ ஒருவன் வீட்டுக்குள் வருகிறான். காட்டுமாட்டுக்குக் கதவுக்குப் பின்னால் ஒளிகிற பிள்ளை, குண்டு மாதிரிப் பாய்ந்து வெளியே வந்தது. முதுகு முடி சிலிர்க்க, வாசலை மறித்து நின்று குரைத்தது.

"ஏலே, நான்..." என்று வாயெடுத்தவரின் கையை லீலா பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்தாள்.

"பேசாதீங்க. காலப் பாருங்க."

பார்த்தார். நான்கு கால். நான்கும் மண்ணில் அழுந்தியிருந்தன.

குரலைக் கேட்டால் தெரிந்துகொள்ளும். தெரிந்துகொண்டால் காலைத் தூக்கிவிடுமோ என்று குமரகுருவுக்குப் பயம். மொட்டைத் தலையில் பனி ஊசியாகக் குத்தியது. சந்தனம் கரைந்து மூக்கில் வழிந்தது, அதோடு இன்னும் என்னவோ வழிந்தது. துடைக்கக் கையைத் தூக்கவும் அவருக்கு மனமில்லை.

"நல்லாக் கொரைக்கட்டும்" என்றாள் லீலா மெதுவாக. "எவ்வளவு நேரம் ஆனாலும் இப்படியே நில்லுங்க."

தலையை மட்டும் ஆட்டிவிட்டு, தன் வீட்டு வாசலில், தன் நாயிடம் திருடன் என்று பேர் வாங்கிக்கொண்டு நின்றார் குமரகுரு.