பத்துக்குக் குறைந்தால்

எழுத்தரம்மாள் நிரப்பி அனுப்பிய படிவம் இருபத்திரண்டு வருடத்தில் ஒருமுறைகூடத் திரும்பி வந்ததில்லை. அந்தச் சின்ன அரசு நடுநிலைப் பள்ளியில் மழைக்கு ஒழுகாத அறை எது என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வார். ஆனால் எந்த வகுப்பில் எத்தனை பெண்கள், எத்தனை பேர் வாடகை வீடு, எத்தனை பேருக்கு வீட்டில் வேறு மொழி என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். மொத்தம் நூற்றெண்பத்தாறு பிள்ளைகள். முகம் மறந்தாலும், யார் எந்தக் கட்டத்தில் என்பது மறக்காது.

இந்த வருடம் படிவத்தோடு ஒரு புது விதியும் வந்து சேர்ந்தது. எந்தப் பிரிவிலாவது தேர்ச்சி பாதிக்குக் கீழே போனால் பள்ளியை மூடி, ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கும் பெரிய பள்ளியோடு சேர்த்துவிடுவார்களாம். மற்ற பிரிவுகளெல்லாம் எப்படியோ கரையேறிவிட்டன. ‘வீட்டில் வேறு மொழி’ என்ற பிரிவில் மட்டும் பத்துப் பேர், தேறியவர்கள் நான்கு. தலைமையாசிரியர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

வழி கண்டுபிடித்தது எழுத்தரம்மாள்தான்.

“சார், ஒரு பிரிவுல பத்துப் பேருக்குக் குறைவா இருந்தா ரிசல்ட் போடக் கூடாது. யாரு ஃபெயில்னு அடையாளம் தெரிஞ்சிடுமாம். அந்தக் கட்டத்துல ஒரு கோடு போட்டா போதும்.”

“நமக்குத்தான் பத்து இருக்கே.”

“ஒண்ணு குறைஞ்சா ஒன்பது சார்.”

இதைச் சொன்னபோது அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன். பள்ளியையே ஒற்றை ஆளாகத் தூக்கி நிறுத்திவிட்டது போன்ற நினைப்பு.

யாரை மாற்றுவது என்று வெகுநேரம் தேட வேண்டியிருக்கவில்லை. அந்தப் பத்தில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, கணக்கில் முதல். அவள் வாயைத் திறந்தால் வெளியூர்ப் பிள்ளை என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். அவளுடைய அம்மாவுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. ஷிப்டு முடிந்து, சோப்புத் தண்ணீரில் ஊறிச் சுருங்கிய விரல்களோடு வந்து, எழுத்தரம்மாள் கையெழுத்துக்கு நீட்டிய காகிதத்தை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

“வீட்டுல இந்த ஊரு பாஷைதான் பேசுறோம்னு போட்டிருக்கு. நாங்க எங்க பாஷைதானே பேசுறோம் மேடம்?”

“பொண்ணு நல்லா பேசுறா இல்லம்மா, அதான்.”

“இதனால அவளுக்கு ஏதாவது குறையுமா?”

“ஒண்ணும் குறையாது.”

எழுத்தரம்மாள் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நினைத்திருந்தார். அந்த அம்மாள் கையெழுத்துப் போட்டுவிட்டு, “அப்ப இனிமே அவ இந்த ஊருக்காரிதான்” என்று சிரித்தாள்.

படிவம் போனது. மூடும் பள்ளிகளின் பட்டியல் வந்தபோது அதில் இவர்கள் பெயர் இல்லை. தலைமையாசிரியர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார், அவர் அதிகம் செய்கிற காரியமல்ல அது.

மூன்று வாரம் கழித்து இன்னொரு கடிதம் வந்தது. அந்தப் பத்துப் பிள்ளைகளுக்கென்று ஒரு மொழி ஆசிரியை உண்டு. தினமும் கடைசிப் பீரியடில் அவர்களை உட்கார வைத்து, அன்றைய பாடத்தை அவர்கள் பேச்சிலேயே சொல்லிக்கொடுப்பார். ஒன்பது பேருக்கு அப்படி ஒரு பணியிடம் கிடையாது, திங்கட்கிழமை முதல் அவருக்கு வேறு பள்ளி என்றது கடிதம்.

எழுத்தரம்மாள் தான் அனுப்பிய படிவத்தின் நகலை எடுத்துப் புரட்டினார். ஏழாம் பக்கத்தில் அவருடைய சொந்தக் கையெழுத்தில் ‘ஒன்பது’ என்று குண்டு குண்டாக இருந்தது. அதற்கு மேலேயே, பத்துக்குக் குறைந்தால் பணியிடம் இல்லை என்று அச்சிட்டிருந்தார்கள். பதினைந்து, பதினான்கு, பன்னிரண்டு என்று வருடா வருடம் நிரப்பிய கட்டம். அந்த வரியை அவர் படித்து எத்தனையோ காலமாகிவிட்டது.

“விடுங்கம்மா, ஸ்கூலு பிழைச்சுதே. நீங்க வாயைத் திறக்காதீங்க, அது போதும்” என்றார் தலைமையாசிரியர்.

எட்டு நாள் திறக்கவில்லை. ஒன்பதாம் நாள் அந்தப் பெண்ணின் அம்மா வந்து நின்றாள். கத்தியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். அவள் குரலையே உயர்த்தவில்லை.

“நாலு நாளா வர மாட்டேங்கிறா மேடம். நீ நிறைய மார்க்கு வாங்கி அந்தப் பக்கம் போயிட்ட, அதனாலதான் எங்க டீச்சரும் போயிட்டாங்கன்னு பிள்ளைங்க சொல்றாங்களாம். யாரும் அவகிட்ட பேசுறதில்லை. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேட்டுக்குவாங்க.”

கடைசிப் பீரியடுக்கு எழுத்தரம்மாள் அந்த அறைக்குப் போனார். ஆசிரியை இல்லாமலே ஒன்பது பேரும் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கட்டத்தில் எண்ணாக மட்டும் அவர் அறிந்திருந்த பிள்ளைகள்.

“அவ ஒண்ணும் செய்யலை. பத்துப் பேரை ஒன்பதுன்னு நான்தான் எழுதினேன். அது தப்பு” என்றார்.

முன் பெஞ்சிலிருந்து ஆறாம் வகுப்புச் சிறுமி எழுந்தாள். தேறாத ஆறு பேரில் ஒருத்தி. ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிச் சொன்னாள்.

“தப்புன்னா… அடிச்சிட்டு, பக்கத்துல சரியா எழுதணும். டீச்சர் சொல்லியிருக்காங்க.”

அதில் குத்தல் எதுவும் இல்லை. தெரிந்த பாடத்தை ஒப்பித்த முகம்தான். எழுத்தரம்மாளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அறைக்குத் திரும்பி, அலமாரியின் அடித்தட்டைக் கிளறித் திருத்தப் படிவத்தை எடுத்தார். அவர் கை அதைத் தொட்டதே அன்றுதான். சரியான எண்ணிக்கை பத்து. தேறியவர்கள் நான்கு. காரணம் என்று கேட்ட இடத்தில் ‘எழுத்தர் தெரிந்தே செய்த தவறு’ என்று எழுதிக் கையெழுத்திட்டு, தலைமையாசிரியரின் மேஜையில் கொண்டுபோய் வைத்தார்.

அவர் கடைசி வரி வரை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “நூத்தெண்பத்தாறு பிள்ளைங்களும் பஸ் ஏறணும். தெரியுமில்ல?”

“தெரியும் சார். ஆனா அந்தப் பிரிவுல பத்துப் பேர் இருக்காங்க.”