நின்றால் நடுங்கும் வண்டி

அந்தப் பழைய வேன் ஓடும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது. நின்றால்தான் வம்பு. சிக்னலில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், இன்ஜின் வேகம் சரசரவென்று இறங்கி, காய்ச்சல்காரன் மாதிரி வெடவெடவென்று நடுங்கி, சில சமயம் அப்படியே அணைந்தும் போகும். ஊரார் வண்டியெல்லாம் சரி பண்ணும் மெக்கானிக்கின் சொந்த வண்டி அது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பட்டறையில், போன வாரத்திலிருந்து மனுஷன் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

அவர் மனைவிக்கு அந்த வண்டி சரியாகவும் வேண்டும், சரியாகாமலும் இருக்க வேண்டும். சரியானால் அவள் அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். எப்போது திரும்பி வருவாள் என்று அவளுக்கே தெரியாது.

பெரிய சண்டை ஒன்றுமில்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. அவர் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. சமையலறையிலிருந்து குரல் கொடுத்தால் பதில் கிடையாது. விளக்கை அணைத்துவிட்டு அன்றைய கதையைச் சொன்னால் சுவரோடு பேசின மாதிரிதான். ஆனால் பட்டறைக்கு வருகிறவர்களிடம் மட்டும் என்ன சிரிப்பு, என்ன அரட்டை. ஓடுகிற இன்ஜின் சத்தத்துக்கு மேல் அவர்கள் கத்த, இவரும் கத்த, தெருவே அதிரும். பெண்டாட்டியிடம் வாயைத் திறந்தால்தான் முத்து உதிர்ந்துவிடும் போல.

போன வாரம் அவர் குனிந்து பிளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால் நின்று சொல்லியே விட்டாள்.

"வண்டி சரியானதும் நான் அக்கா வீட்டுக்குப் போறேன். அங்கயே இருந்துடலாம்னு பாக்கறேன்."

அவர் பிளக்கைத் துணியில் துடைத்தார். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கே அவள் துணிகளை எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

இப்போது பிளக்கெல்லாம் புதுசு. கார்புரேட்டரையும் கழற்றிக் கழுவி மாட்டியாகிவிட்டது. ஸ்க்ரூவைத் திருகி வேகத்தை ஏற்றினால் வண்டி அலறியது, இறக்கினால் மறுபடி அதே நடுக்கம். டீயோடு வந்தவளுக்கு, இன்ஜின் உறுமலுக்கு நடுவில் மெல்லிசாக ஒரு சத்தம் கேட்டது. மூடி சரியாக உட்காராத குக்கரில் வருமே, அது மாதிரி.

"அது என்னங்க, உஸ்ஸுனு ஒரு சத்தம்?"

அவர் திரும்பவில்லை. தோளைத் தொட்டுத் திருப்பி மறுபடி கேட்டாள். அவர் கண் அவள் உதட்டிலேயே இருந்தது.

"எந்தச் சத்தம்?"

"இதோ, இவ்வளவு நல்லா கேக்குதே."

அவர் இன்ஜினைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முகம் செத்துப் போயிற்று. எங்கேயாவது ஓட்டை வழியாக இன்ஜின் காற்றை உஸ்ஸென்று இழுத்தால், வண்டி தெருவில் வரும்போதே சொல்லிவிடுகிற பாம்புக் காது அவருக்கு. மறுபடி இன்ஜின் பக்கம் குனிந்துகொண்டார்.

அவளுக்கு ஒரு சந்தேகம் தட்டியது. பின்னால் போய் நின்று, "என்னங்க" என்றாள். பிறகு, கல்யாணமான புதிதில் மட்டும் கூப்பிட்ட ஒரு செல்லப் பெயரைச் சொன்னாள். முதுகு அசையவில்லை. இத்தனை மாதமாக அவள் கோபித்துக்கொண்டிருந்த அதே முதுகுதான். இப்போது அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகை வந்தது.

டீயை ஓரமாக வைத்துவிட்டு, அவர் கையைப் பிடித்து, சத்தம் வந்த இடத்துக்குக் கொண்டுபோனாள். இன்ஜினிலிருந்து பிரேக்குக்குப் போகும் ரப்பர் குழாயின் அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத வளைவில், ஒரு வெடிப்பு. அவர் விரலை வைத்து அழுத்தினார். உஸ் நின்றது. நடுக்கம் அடங்கி வண்டி சீராக ஓட ஆரம்பித்தது.

விரலை எடுக்காமலேயே சொன்னார். "கொஞ்ச நாளா மெல்லிசான சத்தம் எதுவும் காதுல விழறதில்ல. தடியா கத்தினா கேக்குது. மெக்கானிக்குக்குக் காது போச்சுன்னா எவன் வண்டிய விடுவான்? அதான் யார்கிட்டயும் சொல்லல."

அவள் சுற்றி வந்து அவர் முகத்துக்கு நேரே நின்றாள். ஒவ்வொரு வார்த்தையாக, உரக்கச் சொன்னாள்.

"போன வாரம் நான் ஒண்ணு சொன்னேன். அக்கா வீட்டுக்குப் போறேன், அங்கயே இருந்துடறேன்னு."

"எதுக்கு?" என்று பதறினார். குழாயிலிருந்து விரல் நழுவியது. வண்டி மறுபடி நடுங்கியது.

"நீங்க என்கூடப் பேசறதே இல்லியேன்னு."

அவர் கண் கலங்கிவிட்டது.

"நீதான் பேசறத விட்டுட்டியோன்னு நான் நெனச்சிட்டிருந்தேன்," என்றார். "என்ன தப்பு பண்ணினேன்னு தெனமும் யோசிப்பேன். கேக்க பயமா இருந்துச்சு."

அவள் குனிந்து, வெடிப்பின் மேல் தன் விரலை வைத்து அழுத்திக்கொண்டாள். வண்டி அமைதியானது. பிறகு அவர் காதோரம் வாயைக் கொண்டுபோய், எவ்வளவு தடியாக முடியுமோ அவ்வளவு தடியான குரலில், அந்தச் செல்லப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். எதிர்வீட்டு ஜன்னலும் திறந்தது.