பெனியேலின் வலது கதவு

வந்திருந்தவர்கள்: நெஸ்டா டீச்சர், மூன்றாம் வரிசை, சுவரோரம். பக்கத்தில் அவருடைய குடை. மூப்பர் இட்வல், பிரசங்க பீடத்துக்குக் கீழே மூப்பர்களுக்கான பெரிய இருக்கையில், தனியாக. போதகர் எம்ரிஸ், பீடத்தில். நான், மாடியில். இருக்கைகள் நானூறு.

1

இந்தக் கதை பிறந்ததற்குப் பெரிய காரணம் இல்லை. பால் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்துவிட்டு ஞாயிறு காலையில் தூங்கத்தான் பெனியேல் ஜெபக்கூடத்தின் மாடிக்குப் போவேன். அன்று தூங்க விடவில்லை.

2

முதல் தொடக்கம்: "வேல்ஸின் பசுமையான பள்ளத்தாக்கில், மழையில் நனைந்தபடி ஒரு சின்ன ஜெபக்கூடம்..." வேண்டாம். மாடும்தான் மழையில் நனைகிறது.

இரண்டாவது: வாசலுக்கு மேலே கல்லில் வெட்டியிருக்கிறது. கட்டியது 1791, பெரிதாக்கியது 1826, மறுபடி கட்டியது 1868. விசுவாசம் பெருகிய கதை என்று நினைப்பீர்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சபைக்காரர்கள் முந்நூற்றைம்பது இருக்கை போட்டார்கள். இவர்கள் நானூறு போட்டார்கள். ஊரில் இருந்ததே இருநூறு பேர்.

[முன்சுவரில் சாந்து, தூண், வளைவு, எல்லாம் பட்டணம் மாதிரி. பின்சுவர் மாட்டுக்கொட்டகை. கடவுள் சுற்றிப் பார்க்க மாட்டார் என்று நம்பியிருக்கிறார்கள்.]

வாசல் இரண்டு. இடது கதவு ஆட்கள் வந்து போக. வலது கதவு சவப்பெட்டிக்கு மட்டும். இதை மறந்துவிடாதீர்கள். மற்றதை மறந்தாலும் பரவாயில்லை.

3

அன்று கடைசி ஆராதனை. மறுநாள் பெனியேல், அதை வாங்கி விடுமுறை வீடாக மாற்றப்போகிறவர் கைக்குப் போகிறது. நெஸ்டா டீச்சருக்கு எண்பத்தேழு வயது. அப்பா, அம்மா, கணவர் எல்லாரும் அந்த வலது கதவு வழியாகப் போனவர்கள். தானும் அப்படித்தான் போக வேண்டும் என்று பல வருடங்களாகச் சொல்லிவருகிறார்.

"டீச்சர், உங்களுக்காகவே விக்கிறத ரெண்டு தடவை தள்ளிப்போட்டாச்சு," என்றார் இட்வல். "நீங்கதான் கிளம்ப மாட்டேங்கிறீங்க."

"எம்மேல ஏண்டா பழி போடுற? டாக்டர் நல்ல மாத்திரையா குடுத்துட்டான்."

"இப்ப என்ன செய்யச் சொல்றீங்க?"

"என் அடக்க ஆராதனைய இன்னைக்கே நடத்திடுங்க."

போதகர் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, அதுக்கு யாராவது செத்திருக்கணுமே."

"இந்தச் சபையே செத்துப்போச்சு. அது போதாதா?"

(இங்கே அவர் அழுதிருக்க வேண்டும். இரண்டு முறை எழுதிப் பார்த்தேன். அழ மாட்டேன் என்றுவிட்டார்.)

போதகர் கடிகாரத்தைப் பார்த்தார். அது என் காலுக்குக் கீழே, மாடியின் முகப்பில் இருக்கிறது. நீட்டிப் பேசும் போதகர்களுக்காகவே வைத்தது.

4

"நம் சகோதரி நெஸ்டா, பொறுமைசாலி..." என்று போதகர் தொடங்கினார். இட்வல் இருமினார்.

"இருமுறதப் பாரு. சண்டே ஸ்கூல்ல ஒரு வசனம் ஒழுங்கா சொன்னதில்ல இவன்."

"டீச்சர், உங்க அடக்கம் நடக்குது. கொஞ்சம் அமைதியா இருங்க."

பாட்டு வந்தது. எங்கள் ஊரில் நான்கு குரல்களாகப் பிரிந்துதான் பாடுவார்கள். நான்கு பேர் இருந்தோம். மேலிருந்து நானும் பாடவேண்டியதாயிற்று. முடிந்ததும் யாரும் யாரையும் பார்க்கவில்லை. அந்த அமைதியில்...

இந்த வாக்கியத்தை விட்டுவிடுகிறேன்.

5

முடிவு ஒன்று: ஆமென் சொல்லும்போதே டீச்சர் உயிர் போகிறது. வசதியான முடிவு, அதனால் வேண்டாம். முடிவு இரண்டு: இட்வல் மனம் மாறுகிறார், பெனியேல் பிழைக்கிறது. ஒழுகும் கூரையைப் பார்த்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

நடந்தது இது. டீச்சர் எழுந்து வலது கதவுக்கு நடந்தார். கீல் துருப்பிடித்திருந்தது. இட்வல் தோளால் முட்டித் திறந்தார்.

"இது வழியா போனா திரும்ப வரக்கூடாது. தெரியும்ல?"

"உனக்குச் சொல்லிக்குடுத்ததே நான்தாண்டா."

வெளியே போனார். மழை வலுத்திருந்தது. குடை மூன்றாம் வரிசையில், சுவரோரம் இருந்தது. நான் மாடியில் இருக்கிறேன், போதகர் பீடத்தில். இடது கதவு இன்னும் திறந்தே இருக்கிறது. கீழே, குடைக்குப் பக்கத்தில் இருப்பது இதை வாசிக்கிற நீங்கள் மட்டும்தான்.

"டேய் இட்வல், என் குடை."

"செத்தவங்க பேசக்கூடாது டீச்சர்," என்றார் இட்வல். கதவைச் சாத்தி, சாவியைத் திருப்பினார்.