மாமனாரின் கல்லீரல் மார்க்

என் மாமனார் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். ஓய்வு என்பது ஊர் சொல்வது. அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. கல்லீரலில் புற்றுநோய், ஆபரேஷன் செய்ய முடியாத அளவுக்கு முற்றிவிட்டது என்று சொல்லவந்த டாக்டரிடமே, "முதல்ல நேரா உட்காருங்க" என்றவர்.

புற்றுநோய் மாத்திரை தொடங்குமுன் கல்லீரல் தாங்குமா என்று மதிப்பெண் போடுவார்கள். காமாலை, வயிற்றில் நீர் என்று ஐந்து விஷயம், ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து மூன்று வரை, மொத்தம் பதினைந்து. இவருக்கு ஐந்து. அதைவிட நல்ல மதிப்பெண்ணே கிடையாது; ஏற ஏறத்தான் ஆபத்து. டாக்டர் இதையெல்லாம் சொல்லித்தான் இருப்பார். "பதினைந்துக்கு ஐந்து" என்றதுமே இவருக்குக் காது அடைத்துவிட்டது. அறைக்குள் தனியாகத்தான் போவார். சின்னவர்களிடம் சந்தேகம் கேட்பதும் வழக்கமில்லை.

வெளியே வந்து மாமியாரை முறைத்தார். "ஃபெயில் போட்டிருக்காங்க. எனக்கு!"

அடுத்த முறை ஆறு. தெருவில் நடையில் மிடுக்கு ஏறியது. பிறகு ஏழு என்று நர்ஸ் சொன்னதும், காத்திருக்கும் இடத்திலிருந்தே மாமியாரின் தம்பிக்கு போன் போட்டார்.

"ஏழுடா! ஏறிட்டே போறேன்!"

"விட்டா பதினஞ்சும் வாங்கிடுவீங்க அத்தான்" என்றது போன்.

கால் வீங்கியிருந்ததால் அன்று கைத்தாங்கலாக நானும் உள்ளே போனேன். டாக்டர் சின்னப் பெண்.

"சார், ஏழாயிடுச்சு. மாத்திரையை நிறுத்தறேன்."

"நல்லா ஏறிட்டிருக்கறப்போ எதுக்கும்மா நிறுத்தணும்?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"இது ஏறக் கூடாது சார். கட்டி வளரல, மருந்து வேலை செய்யுது. ஆனா கல்லீரல் களைச்சுப்போச்சு. மார்க் இறங்கினாத்தான் மறுபடி தர முடியும்."

"இறங்கலைன்னா?"

"இந்த மருந்து முடியாது சார்."

ஆயுள் முழுக்க அடுத்தவருக்கு மார்க் போட்ட மனிதர் மேஜைமேலிருந்த ரிப்போர்ட்டில் தன் மார்க்கைத் தேடினார். நக்கலாக ஒரு வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன். ஏனென்றால் அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டார்.

"முதல்லேர்ந்து சொல்லும்மா. எனக்குப் புரியல."

அந்த வீட்டில் யாரும் கேட்டிராத வாக்கியம். அதோடு நிற்கவில்லை. "கால் வீங்கறது ரொம்ப நாளா இருக்கு. வயிறும் பெருத்திருக்கு. மார்க் குறைஞ்சிடும்னு சொல்லாம இருந்தேன்." வெளியே வந்து மாமியாரின் தம்பிக்கும் அவரே போன் செய்தார். "நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்டா." வாயாடியான அந்த ஆள், "சரி அத்தான்" என்று மட்டும் சொன்னார்.

சாப்பாட்டில் உப்பு போனது, நீர் வடிய வேறு மாத்திரை வந்தது. குழம்பை வாயில் வைக்க முடியவில்லை என்று முகம் சுளித்தார், ஆனாலும் சாப்பிட்டார்.

அடுத்த முறை மாமியாரையும் உள்ளே அழைத்துப்போனார். ஆறு. குறைந்த அளவில் மாத்திரையைத் திரும்ப எழுதினார் டாக்டர். இவர் விடவில்லை: எப்போது போடுவது, என்ன தெரிந்தால் உடனே வரவேண்டும், புரியாததை இரண்டு தடவை கேட்டார். வெளியே அடுத்த நோயாளி கதவைத் தட்டினார்.

"இருங்க, எங்க வீட்டுக்காரர் சந்தேகம் கேட்டுட்டிருக்கார்" என்றார் மாமியார், மொத்த ஆஸ்பத்திரிக்கும் கேட்கும்படி.