புதிய தாய்மார்களை வீட்டைவிட்டு வெளியேற்றும் நிகழ்ச்சி

1

இந்தக் கதை என் திருத்தம் ஒன்றிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொள்வது நாணயம். தென்காசியில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். இயன்முறை மருத்துவர் அபர்ணா ஒரு துண்டறிக்கை கொண்டுவந்தார். பிள்ளை பெற்று மாதக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே இருக்கும் பெண்கள் சனிக்கிழமைதோறும் குற்றாலத்தில் கூடலாம், மெல்ல நடக்கலாம், பேசலாம், அரைமணி நேரம் பிள்ளையை இன்னொருவர் மடியில் விட்டுவிட்டுச் சும்மா இருக்கலாம். 'புதிய தாய்மார்களை வீட்டைவிட்டு வெளியே வர வைக்கும் நிகழ்ச்சி' என்று தலைப்பிட்டிருந்தார்.

'வெளியே வர வைக்கும்': மூன்று சொற்கள். பிறவினையில் ஒரே சொல் இருக்கும்போது மூன்று எதற்கு? அடித்துவிட்டு 'வெளியேற்றும்' என்று திருத்தினேன்.

இலக்கணப்படி அதில் குற்றமில்லை.

2

தொடக்கம், முதல் வரைவு: சாரல் விழுந்துகொண்டிருந்த காலையில் இசக்கிச்செல்வி சன்னலருகே நின்று—

(விட்டுவிட்டேன். சன்னலருகே நிற்கும் பெண்ணைக் கண்டதும் வாசகர் பெருமூச்சுக்குத் தயாராகிவிடுகிறார்.)

இரண்டாம் வரைவு: இசக்கிச்செல்விக்குப் பிள்ளை பிறந்து எண்பத்து மூன்று நாள். கணவன் பாண்டி ராணுவத்தில். விடுப்பு முடிந்து போய்விட்டான். வெளியே போகாதே என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. அதுதான் சிக்கல், சொல்லியிருந்தால் மீறியிருப்பாள். குளித்து, சேலை மாற்றி, வாசல்வரை வருவாள். பிள்ளை சிணுங்கும். திரும்பிவிடுவாள். ஒரு வாரமாக வாசல்வரை வருவதும் நின்றுபோயிற்று. இனித் தன்னால் முடியவே முடியாதோ என்ற பயம் மட்டும் பிள்ளையைப் போலவே நாளுக்கு நாள் வளர்ந்தது.

(இவ்வளவு சாதுவான பாத்திரம் கதையை நகர்த்துமா என்று ஐயப்பட்டேன். நகர்த்தியவர் வேறொருவர்.)

3

சனிக்கிழமை காலை, துண்டறிக்கை செய்தித்தாளோடு வந்தது. எடுத்துப் படித்தவள் மாமியார் மாரித்தாய்.

"ஏட்டி செல்வி, இங்கன பாரு! புதுத் தாய்மார வீட்டவிட்டு வெளியேத்துதாளுவளாம். அதுக்கு ஒரு நிகழ்ச்சி வேற. பத்து மணிக்கு!"

"அப்படி இருக்காது அத்தை."

"அச்சடிச்சுல்லா போட்டிருக்கு! எம் மருமவள எம் வீட்டுல இருந்து வெளியேத்த இவளுவ யாருட்டி? பிள்ளையத் தூக்கு. போயி ரெண்டுல ஒண்ணு கேட்டுருவோம்."

"நானுமா?"

"நீ இல்லாம எப்படி? யாரை வெளியேத்தப் போறாளுவன்னு காட்ட வேண்டாமா?"

ஆட்டோ வந்து நின்றது. யோசிக்க நேரமில்லை. எண்பத்து மூன்று நாளாகக் கடக்க முடியாத வாசலை, மாமியாரின் கோபத்துக்குப் பின்னால் ஓடியதில், கவனிக்காமலே கடந்துவிட்டாள்.*

* ஆட்டோவில் அவள் உள்ளம் நெகிழ்ந்ததாக நான்கு வரி எழுதி நீக்கினேன். உண்மையில் ஒரு காலில் தன் செருப்பும் மறு காலில் மாமியார் செருப்பும் இருந்தன. குற்றாலம்வரை அதைப் பற்றித்தான் யோசித்தாள்.

4

நிகழ்ச்சி நடக்கும் மண்டபத்தில் ஏழெட்டுப் பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். மாரித்தாய் நேராக அபர்ணாவிடம் போய்த் துண்டறிக்கையை நீட்டினாள்.

"வாங்க ஆச்சி—"

"ஆச்சியா? எனக்கு அம்பத்தோரு வயசுதான் ஆவுது. முதல்ல இதுக்குப் பதில் சொல்லு. எம் மருமவள நான் நல்லாத்தான வச்சிருக்கேன், எதுக்கு வெளியேத்துத?"

அபர்ணா வாசித்தார். இன்னொரு முறை வாசித்தார். "ஐயோ, நான் இப்படி எழுதலையேம்மா! பிரஸ்ஸுல எவனோ பெரிய புலவன் திருத்தி வச்சிருக்கான்."

(இந்த வரியை நீக்கும் அதிகாரம் எனக்கு இருந்தது. நீக்கவில்லை.)

முதலில் சிரித்தவள் இசக்கிச்செல்வி. கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "யாராவது வெளியேத்த மாட்டாங்களான்னுதான் அக்கா இருந்தேன்."

மாரித்தாய் அவளைத் திரும்பிப் பார்த்தாள். "இவ சிரிச்சு மூணு மாசமாச்சு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

5

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் ஓர் உறுத்தல். இதுவரை அவள் கொண்டுவரப்பட்டிருக்கிறாள், வரவில்லை.

பதினொன்றரைக்கு அபர்ணா, "இனி அரைமணி நேரம் அவங்கவங்க இஷ்டம்" என்றார். இசக்கிச்செல்வி பிள்ளையை மாமியாரின் மடியில் வைத்தாள்.

"அருவிக்கரை வரைக்கும் போயிட்டு வாரேன் அத்தை."

"ஒத்தையிலயா?"

"ஆமா."

"பிள்ளை அழுதா?"

அவள் நின்றாள். ஒவ்வொரு முறையும் இந்த இடத்தில்தான் திரும்பியிருக்கிறாள். (நானும் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டேன். நான் அவளைத் தள்ளிவிடக் கூடாதல்லவா?)

"அழட்டும். நீங்க இருக்கியள்லா."

"சரிட்டி, போ. தலைய நனைச்சுக்கிட்டு வந்து நிக்காத."

6

முடிவுகள். (அ) அபர்ணா சொன்னபடி அரைமணியில் திரும்புகிறாள். (ஆ) ஒரு மணி நேரம் கழித்து, தலை நனைந்து திரும்புகிறாள். (இ) பிள்ளை அழுகிறது, மாரித்தாய் அவளைத் தேடி—

மூன்றையும் எழுதிப் பார்த்தேன். முடிவு என்று எதை எழுதினாலும் அவளைத் திரும்பக் கூப்பிட்டாக வேண்டியிருக்கிறது. அதை நான் செய்வதாக இல்லை. நேந்திரங்காய்ச் சிப்ஸ் வறுபடும் கடைகளைத் தாண்டி அவள் போய்க்கொண்டிருக்கிறாள். சாரல் முகத்தில் விழுகிறது. தூக்குவதற்கு எதுவும் இல்லாத கைகளை என்ன செய்வதென்று முதலில் தெரியவில்லை; இப்போது வீசி நடக்கிறாள்.

அவசரம் என்றால் நீங்கள் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். என் கணக்கில் இன்னும் இருபத்திரண்டு நிமிடம் இருக்கிறது.